வெட்டியும் ஒட்டியும்

நுழையும்முன்

திறன்பேசி வைத்திருக்கும் எவரும் இன்று படம் எடுக்கலாம். எடுத்தவற்றைத் தொகுத்து ஒரு கதையாக்க எந்த மென்பொருள் வேண்டும், எந்தக் கருவி வேண்டும் என்னும் வினா எழும்போதுதான் ஆர்வலர் பலர் தடுமாறுகின்றனர். கடன் பெற்றுக் கருவி வாங்கி, படம் எடுக்கும் வேளையில் கையில் பொருளின்றி நிற்போரும் உளர். அத்தேர்வை எவ்வாறு மேற்கொள்வது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து அமைந்துள்ளது திருநீர்மலை. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இவ்வூர், 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் காட்சி தருவதாகப் போற்றப்படும் இத்தலத்துக்கு மற்றொரு புகழும் உண்டு. தமிழ்த் திரைப்படங்களில் காதலர்கள் வீட்டாரை எதிர்த்து மாலை மாற்றிக்கொள்ளும் காட்சிகள் பல இம்மலைக்கோயிலில் படமாக்கப்பட்டன. மலை, படிக்கட்டு, திருக்குளம் ஆகிய மூன்றும் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு காலைப் பயணத்தில் கிட்டிவிடும் என்பது படக்குழுவினர்க்கு வாய்ப்பாக இருந்திருக்க வேண்டும். மெய்யான திருமணங்களும் இங்கே மிகுதி. முகூர்த்த நாள்களில் மணமக்களுக்கு முன்னால் பின்னோக்கிப் படியேறும் ஒளிப்பதிவாளர்களை இன்றும் காணலாம்.

மலைக்கு அருகிலுள்ள பம்மல், நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் குடும்பத்தார்க்கு உரிய ஊர். 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையின் உறுப்பினர்கள் நடிப்பால் பிழைத்தவர்கள் அல்லர். வழக்கறிஞராக விளங்கி நீதிபதியாகவும் பணியாற்றிய சம்பந்த முதலியாருக்கே நாடகம் வருவாய்க்குரிய தொழிலாக இருக்கவில்லை. எனினும், அவர் எழுதிய மனோகரா, சபாபதி ஆகிய நாடகங்கள் பின்னாளில் திரைப்படங்களாயின. கலையைப் பிழைப்பாகக் கொள்ளாது விருப்பாகக் கொள்வோர், கருவியில் குறைந்திருப்பினும் காலத்தில் செல்வர்கள். ஒரு காட்சியை நூறு முறை பார்த்துத் திருத்த அவர்களால் முடியும். நாளொன்றுக்கு வாடகை கொடுத்துத் தொகுப்பறையில் அமர்ந்த தொழில்முறைக் கலைஞர்க்கு அந்த ஓய்வு வாய்த்ததில்லை.

ஐம்பதாயிரம் அடி

தேர்ந்தெடுத்தலும் தள்ளுதலுமே படத்தொகுப்பு. இதனைத் தமிழரிடையே ஏ.கே. செட்டியார் மெய்ப்பித்துக் காட்டினார். ‘குமரி மலர்’ இதழின் ஆசிரியராகவும் உலகம் சுற்றிய தமிழராகவும் அறியப்பட்ட அவர், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணினார். அப்போது அவருக்கு அகவை 25. புதிதாக எடுப்பதைவிட, உலகெங்கும் சிதறிக்கிடந்த பழைய படச்சுருள்களைத் தேடித் திரட்டுவதே அவருடைய பெரும்பணி ஆயிற்று. முப்பதாண்டுக் காலத்தில் நூற்றுக்கும் குறையாத ஒளிப்பதிவாளர்கள் எடுத்த சுருள்களிலிருந்து ஏறத்தாழ 50,000 அடியைத் திரட்டினார். 1940இல் வெளிவந்த படத்தின் நீளம் 12,000 அடி.

இவ்வெண்களை நேரமாக்கிப் பார்த்தல் நலம். 35 மி.மீ. ஒலிப்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அவ்வளவில் கணக்கிட்டால், திரட்டியது ஒன்பதே கால் மணி நேரம். மக்கள் கண்டது இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடல் கடந்து பெற்றவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கழிக்கப்பட்டது. ஓர் அடி கிடைப்பதே அரிதாயிருந்த நாளில் அதனைக் கழிக்கத் துணிவு வேண்டும். இன்று பத்து நிமிடக் குறும்படத்துக்கு ஐந்து மணி நேரம் பதிந்துவிட்டு, எதைக் கைவிடுவது என்று தெரியாமல் மாணவர் திகைக்கின்றனர். அத்திகைப்பைத் தீர்த்துவைக்கும் மென்பொருள் எதுவும் விற்பனையில் இல்லை.

கத்தரியிலிருந்து கணினிக்கு

செட்டியார் காலத்துத் தொகுப்பு, கையால் வெட்டிக் கையால் ஒட்டிச் செய்யப்பட்டது. 1924இல் உருவான மூவியோலா என்னும் பொறி, சுருளைச் சிறு கண்ணாடி வழியே பார்த்து வெட்ட உதவியது. கோடம்பாக்கத்துத் தொகுப்பறைகளிலும் பல்லாண்டுகள் அது ஒலித்தது. ஆர்வலர்க்கெனக் குறுகிய சுருள்களும் வந்தன. 16 மி.மீ. 1923இலும், 8 மி.மீ. 1932இலும், சூப்பர் 8 என்பது 1965இலும் அறிமுகமாயின. ஆயினும் சுருளின் விலையும் கழுவும் செலவும் நம் நாட்டு ஆர்வலரைத் தொலைவிலேயே நிறுத்தின.

1989இல் அமெரிக்காவில் அவிட் என்னும் கணினித் தொகுப்பு முறை விற்பனைக்கு வந்தது. இந்தியத் திரைப்படங்களுள் அதனை முதலில் பயன்படுத்தியது 1994இல் வெளியான ‘மகாநதி’ எனக் குறிப்பிடுவர். கணினியில் காட்சித்துண்டு வெட்டப்படுவதில்லை. எந்தக் கோப்பில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை காட்ட வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே பதிகிறது. மூலக்கோப்பு அப்படியே இருக்கும். தொகுப்பின் நடுவே கோப்புகளை வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்டு, ‘படம் காணாமற்போயிற்று’ என்று கலங்கும் மாணவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். காணாமற்போனது படம் அன்று, அதன் முகவரி.

கணினித் தொகுப்பைச் சிற்றூர் வரை கொண்டுசென்றவர்கள் திருமண ஒளிப்பதிவாளர்களே. ‘மிக்சிங்’ என்று அவர்கள் அழைக்கும் பணியைச் செய்யும் சிறு கடைகள், பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு இணையான பயிற்சிக்களங்களாக விளங்கின. ஆனால் அப்பெருமையை எவரும் அவற்றுக்கு அளித்ததில்லை. அக்கடைகளில் எடியஸ் என்னும் மென்பொருள் வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. வெவ்வேறு படக்கருவிகளின் கோப்புகளை வடிவம் மாற்றாமலே ஒரே காலக்கோட்டில் அடுக்க அது இடமளித்தது. தாலி கட்டும் நொடியை மூன்று கருவிகள் மூன்று கோணங்களில் பதிந்திருக்க, அடுத்த முகூர்த்தத்துக்குள் வேலையை முடிக்க வேண்டியவர்க்கு அதுவே முதன்மைத் தேவை.

எந்த மென்பொருள்?

தேவை வேறாயின் தேர்வும் வேறாகும். பிரீமியர் மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் கேட்கும். ஃபைனல் கட் ஆப்பிள் கணினியில் மட்டும் இயங்கும். 2003இல் வெளிவந்த ‘கோல்ட் மவுண்டன்’ படத்தை வால்டர் மர்ச், கடையில் எவரும் வாங்கக்கூடிய ஆப்பிள் கணினிகளில் இந்த ஃபைனல் கட்டைக் கொண்டே தொகுத்தார். பெரும்பொருட் செலவில் உருவான படத்துக்கு அது போதுமாயிருந்தது என்னும் செய்தி அன்று வியப்பூட்டியது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே வண்ணத் திருத்தத்தில் ஆற்றல் மிக்கது. ஆனால் வலிய வரைகலைச் செயலியை எதிர்பார்க்கும். கேடன்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். இவற்றை எத்தனை கணினிகளிலும் நிறுவலாம். நண்பர்க்குப் படியெடுத்தும் தரலாம்.

தமிழ்நாட்டு மாணவர் பலர்க்கு முதற்கணினியாக அமைந்தது, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி கிடைத்த கருவியாகும். அவற்றுள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. நினைவகம் குறைந்த அத்தகைய கணினியில் ரிசால்வை நிறுவ முயல்வது வீண்முயற்சி. மேலும், லினக்சில் இயங்கும் அதன் இலவசப் பதிப்பில், திறன்பேசி பதியும் எச்.264 வகைக் கோப்புகளைப் பெரும்பாலும் வேறு வடிவத்துக்கு மாற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டியுள்ளது. ஷாட்கட்டோ கேடன்லைவோ அங்குப் பொருந்தும்.

‘பழைய கணினியில் 4கே காட்சி நின்று நின்று ஓடுகிறது, புதிய கணினி வாங்க வேண்டும்’ என்னும் முடிவுக்கு விரைந்து வருவோர் பலர். 4கே சட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. முழு உயர்தெளிவுச் சட்டகத்தில் ஏறத்தாழ 21 லட்சம். நான்கு மடங்குச் சுமை. அதற்கு மாற்றாகப் பதிலிக் கோப்பு முறை உண்டு. ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் சிறிய நகலொன்றை மென்பொருளே உருவாக்கும். தொகுப்பு முழுவதும் நகலில் நடைபெறும். இறுதியில் வெளியிடும்போது மூலக்கோப்பு அதனிடத்தில் வந்தமரும். கேடன்லைவ், ஷாட்கட் ஆகிய கட்டற்ற மென்பொருள்களிலும் இவ்வசதி உள்ளது. ஓர் இரவு கணினியை நகலெடுக்க விட்டுவைக்கும் பொறுமையே அதற்கு விலை.

திறன்பேசிக் காட்சிகளில் மற்றொரு சிக்கல் மறைந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கான சட்டக எண்ணிக்கையைத் திறன்பேசி தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும். காலக்கோட்டில் இட்டபின் பேச்சும் உதடும் சிறிது சிறிதாக விலகுவது பெரும்பாலும் இதனால்தான். குற்றம் மென்பொருளின் மீது சுமத்தப்படும். தொகுக்கத் தொடங்கும் முன்னரே கோப்பை நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் இவ்விலகல் நேராது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலின் குழல்விளக்குகளும் சில எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குப் புலப்படாத இத்துடிப்பு படக்கருவிக்குப் புலப்படும். நொடிக்கு 25 சட்டகங்கள், ஒளித்திறப்பு நேரம் ஐம்பதில் ஒரு நொடி என அமைத்துக்கொண்டால் திரையில் பட்டை ஓடாது. 60 சுழற்சி மின்னோட்டம் வழங்கும் அமெரிக்காவில் சொல்லப்படும் 30 சட்டகக் கணக்கை அப்படியே பின்பற்றுவது இங்குப் பொருந்தாது.

காதுக்கு முதலிடம்

கையிலிருக்கும் பொருளை எவ்வரிசையில் செலவிடுவது? படக்கருவியை முதலில் வாங்குவதே பெரும்பான்மை வழக்கம். ஆனால் மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், கேட்காத உரையாடலைப் பொறுத்துக்கொள்வதில்லை. ஒலிவாங்கிக்கே முதற்செலவு என்பது இத்துறையில் பழகியோர் பலரின் கருத்து. பேசுவோர்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். எனவே பத்தடி தொலைவில் நிற்கும் விலையுயர்ந்த படக்கருவியின் ஒலிவாங்கியைவிட, சட்டைப்பையில் வைத்த இரண்டாவது திறன்பேசி தெளிவாகப் பதியும். காட்சியின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், இரு பதிவுகளையும் காலக்கோட்டில் பொருத்த அவ்வோசை அடையாளமாகும்.

திருநீர்மலையில் இவ்வறிவு இரட்டிப்பாகத் தேவைப்படும். சென்னை வானூர்தி நிலையம் மிக அண்மையில் உள்ளது. ஓர் உரையாடலின் நடுவே வானூர்தி கடந்துசென்றால், அடுத்த சட்டகத்தில் அவ்விரைச்சல் திடீரென அற்றுப்போகும். தொகுப்பால் அவ்வெட்டை மறைப்பது கடினம். அது கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது அதனையே கதைக்குள் கொண்டுவர வேண்டும். மலையை வானிலிருந்து காட்ட ஆளில்லாப் பறப்பி வாங்கலாமே என்னும் ஆசைக்கும் இங்கு இடமில்லை. வானூர்தி நிலையத்தின் அண்மையில் உரிய இசைவின்றி அதனைப் பறக்கவிடுதல் சட்டத்துக்குப் புறம்பானது. ஒரு கருவியை வாங்குமுன் அதனைப் பயன்படுத்தப்போகும் இடத்தையும் ஆராய வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. கோயிலுக்குள் படமெடுக்கவும் முன்னரே இசைவு பெறுதல் வேண்டும்.

காப்பதற்கும் செலவுண்டு

சேமிப்பகத்தை எவரும் கருவியாகக் கருதுவதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் படக்கருவி, ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட்டை நிரப்பிவிடும். இடம் போதாமல் முதல்நாள் காட்சிகளை அழித்து இரண்டாம் நாள் படமெடுத்த குழுக்கள் உண்டு. ஒரே வன்தட்டில் அனைத்தையும் வைத்து, அது கைதவறி விழுந்த அன்றே படத்தைக் கைவிட்டவர்களும் உளர். மூன்று படிகள், இருவகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. புதிய வில்லைக்குச் செலவிடும் தொகையில் இரண்டாவது வன்தட்டை வாங்குவது அறிவுடைமை.

தமிழ்நாடு இதனைப் பெரும் இழப்பின் வழியே கற்றது. ஆர். நடராஜ முதலியார் மோட்டார் உதிரிப்பாக வணிகத்திலிருந்து திரைத்துறைக்கு வந்தவர். ஆங்கிலேயர் ஒருவரிடம் ஒளிப்பதிவின் அடிப்படையைக் கற்று, புரசைவாக்கத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்துத் தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமாகிய ‘கீசகவத’த்தை எடுத்தார். அப்படத்தின் ஓர் அடியும் இன்று இல்லை. 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதா’ஸின் படியும் கிடைக்கவில்லை. தென்னிந்திய ஊமைப்படங்களுள் எஞ்சியிருப்பது 1933ஆம் ஆண்டு ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. எடுத்தவர்களிடம் திறமை இருந்தது, துணிவும் இருந்தது. இரண்டாவது படியைக் காக்கும் இடமே இல்லாமற்போயிற்று.

இக்கணக்குகளை எல்லாம் முடித்து மலைக்குச் செல்லும் ஒரு மாணவர் குழுவிடம் இறுதியில் என்ன இருக்கும்? இரண்டு திறன்பேசிகள், ஒரு முக்காலி, சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கி, ஹெட்போன், இரண்டு வன்தட்டுகள், பள்ளியில் பெற்ற மடிக்கணினியில் கட்டற்ற மென்பொருள் ஒன்று. குளக்கரைப் படியில் காட்சிகளை எடுத்து முடித்ததும், அனைவரும் கலையுமுன் ஒரு நிமிடம் எவரும் பேசாமல் நிற்க, அவ்விடத்தின் ஒலியை மட்டும் தனியே பதிந்துகொள்வது தொகுப்பறிந்தோர் வழக்கம். காற்று, தொலைவில் மேளம், படியேறுவோரின் காலடி. வெட்டிய இரு துண்டுகளுக்கு இடையே ஓசையற்ற வெறுமை தோன்றுமிடத்தில், அந்த ஒரு நிமிடத்திலிருந்து தேவையான நொடிகளை எடுத்து இட்டு நிரப்புவர்.