மிஞ்சிய பெயிண்டை எங்கே கொட்டுவது?

பொங்கலுக்கு முந்திய வாரங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் சாரம் கட்டிய ஒரு வீட்டையாவது பார்க்கலாம். வேலை முடிந்த மாலையில் அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பிரஷ்களையும் வாளிகளையும் அலசுவார்கள். அலசிய நீர் தெருவோரக் கால்வாய்க்குப் போகும். டப்பாவின் அடியில் மிஞ்சியதும் சில சமயம் அதோடு சேரும். சிறிது தூரம் வெள்ளையாகவோ நீலமாகவோ ஓடி, பிறகு கண்ணுக்கு மறைந்துவிடும். அது எங்கே போயிற்று?

சென்னையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கழிவறையிலிருந்து பாதாளச் சாக்கடைக்குப் போகும் நீர், கோயம்பேடு, பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்ல வேண்டியது. தெருவோரத்து மழைநீர் வடிகால் அப்படியல்ல. அது நேராகக் கூவத்திலோ, அடையாற்றிலோ, பக்கிங்ஹாம் கால்வாயிலோ போய் விழுகிறது. இடையில் வடிகட்டுவார் எவரும் இல்லை. பாதாளச் சாக்கடையே இல்லாத ஊரிலோ எல்லா நீரும் ஏரியைத்தான் தேடிப் போகும். ஆகவே, தெருவில் கொட்டிய பெயிண்ட் ஏரியில் கொட்டிய பெயிண்ட்தான்.

இனி, பெயிண்டுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். நிறம் தரும் நுண்தூளுக்கு நிறமி என்று பெயர். அந்தத் தூளைச் சுவரோடு ஒட்டவைப்பது ஒரு பிசின். இரண்டையும் நீர்மமாக வைத்திருப்பது ஒரு கரைப்பான். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் அந்த நீர்மம் தண்ணீர். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமலில் டர்பெண்டைன் போன்ற எண்ணெய்.

வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடு அவ்வளவாக நஞ்சு இல்லை. ஆனால் ஒளியைச் சிதறடிப்பதில் அது கெட்டிக்காரப் பொருள். பழைய சுவரின் கறையை ஒரு மெல்லிய பூச்சு மறைத்துவிடுவது இதனால்தான். அதே குணம் குளத்தில் என்ன செய்யும்? நீருக்குள் இறங்கும் வெயிலை மறைக்கும். வெயில் இல்லையேல் நீர்ப்பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது. நீரில் பிராணவாயு குறையும். எமல்ஷனில் இன்னொன்றும் உண்டு. அதைக் கெட்டியாக்க மரநாரிலிருந்து செய்த பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. டப்பாவிலேயே பெயிண்ட் அழுகி நாறாமலிருக்கக் கிருமிக்கொல்லியும் கலந்திருப்பார்கள். டப்பாவுக்குள் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, குளத்துக்குள் வந்தால் மட்டும் ஆளைப் பார்த்தா கொல்லும்?

எண்ணெய்ப் பெயிண்டின் கதை வேறு. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனுக்கு அருகில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். 1774-இல் அதை எழுதி வெளியிட்டார். எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர், அதாவது நம் கணக்கில் 50 சென்ட் பரப்புக்கு விரிந்து, அலையை அடக்கியது. கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான் வரும். கொசுப்புழுவைக் கொல்லக் குட்டையில் எண்ணெய் தெளிப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் நீரின் மேல் வந்து மூச்சு விடுவது கொசுப்புழு மட்டுமல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? இத்தனை கேடும் பெயிண்ட் நீர்மமாக இருக்கும்போதுதான். சட்டையில் பட்ட எமல்ஷனை உடனே கழுவினால் போய்விடும். காய்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தண்ணீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே தோலாகிவிடுகின்றன. அந்தத் தோல் மறுபடி நீரில் கரையாது. மிஞ்சிய பெயிண்டை என்ன செய்வது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. அதை உலரவைக்க வேண்டும். கொஞ்சம் எமல்ஷன் மிஞ்சினால் மணலையோ மரத்தூளையோ கலந்து, குழந்தைகளும் ஆடு மாடும் அண்டாத காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். கெட்டியானதைக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடலாம். நம் நாட்டில் 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் பெயிண்ட் டப்பாவை வீட்டின் அபாயக் கழிவுகளில் ஒன்றாகவே சேர்த்தன.

பிரஷ் கழுவிய நீரை எப்படி உலர்த்துவது என்று கேட்பீர்கள். ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடி பாட்டில் நீரில் சில சொட்டு எமல்ஷன் விட்டுக் கலக்குங்கள். பால் போன்ற அந்த நீர் மறுநாளும் தெளிந்திராது. துகள்கள் மிகச் சிறியவை; ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால் அடியில் படிவதில்லை. இப்போது சிறிது படிகாரத் தூளைப் போட்டுக் கலக்குங்கள். படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கும். பெரும்பாலும், துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்து படிவதைக் காணலாம். கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் கையாண்ட அதே வித்தைதான் இது. படிந்ததைப் பழந்துணியில் வடித்துக் காயவைக்கலாம். தெளிந்த நீரிலும் கிருமிக்கொல்லி கரைந்திருக்கும். ஆதலால் அதை அடுத்த முறை பிரஷ் அலச வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கழிவறையில் ஊற்றுங்கள். கிணற்றடியில் வேண்டாம்.

டர்பெண்டைனைக் கொட்டவே தேவையில்லை. பிரஷ் அலசியதை மூடிய பாட்டிலில் வைத்தால் சில நாளில் நிறமி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். சிக்கனமான பெயிண்டர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

எல்லாவற்றிலும் நல்லது மிஞ்சாமல் வாங்குவது. உங்கள் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38. இரண்டு பூச்சுக்கு 76. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ஆக, எட்டு லிட்டர் போதும்; இரண்டு 4 லிட்டர் டப்பா. கடைக்காரர் 10 லிட்டர் வாளியைக் காட்டினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் நிறைய இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய கதவைச் சுரண்டும்போது உதிரும் தூளும் அப்படியே. கீழே காகிதம் விரித்து, நீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள். தூளைப் பெருக்கி வாசலில் தள்ளாமல் மடித்துக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

எனாமல் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய்ப் பெயிண்ட் காய்வது ஆவியாகி மட்டுமல்ல, பிராணவாயுவோடு சேர்ந்தும்தான்; அப்போது வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றியதுண்டு. வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டால் போதும்.