நியூஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை: மாநில வரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனுக்கு ரயிலேறுகிறவர்கள் இரண்டு மாநிலங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நியூயார்க் தன் மண்ணில் சம்பாதித்ததற்கு வரி கேட்கும். நியூஜெர்சியோ உங்கள் மொத்த வருமானத்தையும் கேட்கும். இரண்டு முறை கட்டாமல் தப்பிக்க, தாக்கல் செய்யும் வரிசை முக்கியம்.

1. டபிள்யூ-2 படிவத்தைப் பாருங்கள்

15-ஆம் கட்டத்தில் மாநிலம், 16-இல் சம்பளம், 17-இல் பிடித்த வரி. நியூயார்க் மட்டும் இருந்தால், 'அதான் பிடித்துவிட்டார்களே' என்று இருந்துவிடாதீர்கள். பிடித்தது முன்பணம்தான், உண்மையான வரி இனிமேல்தான் தெரியும்.

2. முதலில் நியூயார்க்

வெளிமாநிலத்தவருக்கான படிவம் ஐடி-203. நியூயார்க் நகர வருமான வரி உங்களுக்குக் கிடையாது. வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் மீதிருந்த நகர வரி 1999-இலேயே போய்விட்டது. சம்பளப் பிரிவு தவறுதலாக நகர வரியைப் பிடித்திருந்தால் இதே படிவத்தில் திரும்பக் கேட்கலாம்.

3. பிறகு நியூஜெர்சி

என்ஜே-1040 படிவத்துடன் சிஓஜே என்ற இணைப்பையும் நிரப்புங்கள். வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரியைக் கழிப்பது இதில்தான். பலர் சறுக்கும் இடமும் இதுதான்: இங்கே எழுத வேண்டியது 17-ஆம் கட்டத் தொகை அல்ல, ஐடி-203 போட்டு முடித்தபின் வந்த வரி.

ஒரு பேச்சுக்கு, நியூயார்க் வரி 6,000 டாலர், அதே சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி 4,500 என்று வையுங்கள். 4,500 முழுதும் கழியும். மிச்சம் 1,500-ஐ நியூஜெர்சி திருப்பித் தராது. ஆக, எந்த மாநில வரி அதிகமோ அதுதான் உங்கள் செலவு.

சம்பளம் அல்லாத வருமானம் வேறு கதை. ஊரில் என்ஆர்இ வைப்பு நிதிக்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, நியூஜெர்சியில் உண்டு. இந்தியாவில் வரி கட்டிய வட்டியானாலும் அந்த வரியை நியூஜெர்சி கழிக்காது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

4. வீட்டிலிருந்து வேலை செய்த நாட்கள்

உங்கள் வசதிக்காக வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், நியூயார்க் அதையும் தன் நாளாகவே எண்ணும். நிறுவனத்தின் தேவைக்காக என்று நிரூபித்தால்தான் விலக்கு. அது லேசில் கிடைக்காது. நியாயமா என்றால், என் கணக்கில் இல்லை. ஆனால் விதி அதுதான்.

5. வேலை பென்சில்வேனியாவில் என்றால்

பாதி வேலை மிச்சம். இரு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் சம்பளத்துக்கு வீடு இருக்கும் மாநிலத்தில் மட்டும் வரி. ஆர்இவி-419 படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால் பென்சில்வேனியா வரியைப் பிடிக்க மாட்டார்கள். பிலடெல்பியா நகரச் சம்பள வரிக்கு மட்டும் இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அதைக் கட்டிவிட்டு, சிஓஜே-யில் கழித்துக்கொள்ளுங்கள்.