கிணற்று மோட்டாரும் ஏணி நிரலும்

திருநெல்வேலியினின்று சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் உளது. அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் வழியே நடந்து செல்வோர், கிணற்றுக் கரைகளில் சிறு மோட்டார் அறைகளையும், அவ்வறைச் சுவர்களிற் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பொருந்திய பெட்டிகளையும் காண்பர். அப்பெட்டிக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். பச்சையை ஒருமுறை அழுத்திக் கையை எடுத்துவிட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கின்றது. சிவப்பை ஒருமுறை அழுத்தினால் நின்று, நின்றபடியே இருக்கின்றது. கை நீங்கிய பின்னும் கட்டளையை நினைவில் வைத்திருப்பது யாது? இவ்வினாவிற்கு விடை கூறத் தெரிந்தவர் ஏணி நிரலின் முதற் பாடத்திற் பாதியைக் கற்றவராவர். மற்றைப் பாதியை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

விடை இதுதான். பெட்டியினுள் காண்டாக்டர் என்னும் மின்காந்தச் சாவி ஒன்று இருக்கின்றது. பச்சைப் பொத்தானை அழுத்த, அதன் சுருளில் மின்சாரம் பாய்ந்து அது மூடிக்கொள்ள, மோட்டார் ஓடுகின்றது. அவ்வாறு மூடும்போது அதனுடன் ஒரு சிறு தொடுமுனையும் மூடுகின்றது. அத்தொடுமுனை பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் கட்டப்பட்டிருப்பதால், விரலை எடுத்த பின் விரலின் வேலையை அதுவே செய்கின்றது. சிவப்பை அழுத்தினால் அவ்வழி அறுந்து, காண்டாக்டர் திறந்து, தாங்கி நின்ற தொடுமுனையும் விலகிவிடுகின்றது. மின்சாரம் நின்றாலும் இவ்வாறே விலகும். ஆதலால் மின்சாரம் மீண்டும் வரும்போது மோட்டார் தானாக ஓடாது. இக்கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்கே திரும்புவோம்.

இத்தகைய தொடுமுனைகளையும் ரிலேக்களையும் நூற்றுக்கணக்கில் கம்பியால் பிணைத்தே முன்னாளிற் பெரிய தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் ஆளப்பட்டன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், கார் மாதிரி மாறுந்தோறும் அக்கம்பிகளை எல்லாம் பிரித்துக் கட்டும் தொல்லையைப் பொறாது, கம்பியை மாற்றாமல் எழுத்தை மாற்றினாற் போதும் என்னும்படியான ஒரு கருவியை 1968-இல் நாடினர். பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தாருடன் டிக் மார்லி என்பவர் ஆக்கிய கருவி மாடிக்கான் 084 என்று பெயர் பெற்றது. அந்நிறுவனத்தாரின் எண்பத்து நான்காவது வேலை அது. இன்று பி.எல்.சி. என்று யாவரும் அழைக்கும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவியின் முன்னோர் அதுவே. அதற்குக் கட்டளை எழுதும் முறையைப் புதிதாக வகுக்காமல், ஆலை மின்தொழிலாளர் முன்பே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தையே எழுத்தாகக் கொண்டனர். இது மிகவும் போற்றத் தக்க செயல் என்பது நம் கருத்து. 1993-இல் வெளிவந்த 61131-3 என்னும் சர்வதேசத் தரநூலிலும் அம்முறை இடம்பெற்றது.

ஏணி என்றவுடன் யாக்கோபு பெத்தேலிற் கண்ட ஏணி நம் கல்லூரி நண்பர் சிலர்க்கு நினைவு வரலாம். இஃது அத்துணை உயர்ந்ததன்று. தாளின் இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள். அவற்றிடையே குறுக்குப் படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்புறம் நிபந்தனைகளும் வலக்கோடியிற் செயலும் எழுதப்படும். நிபந்தனைக்கு அடையாளம் அருகருகே நிற்கும் இரு சிறு செங்குத்துக் கோடுகள். அவற்றின் குறுக்கே ஒரு சாய்கோடு இட்டால் எதிர்மறையாம். செயலுக்கு அடையாளம் எதிரெதிர் நோக்கும் இரு வளைவுகள்; அதனைச் சுருள் என்பர்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வமைப்பிற் புதுமை ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தார் பெரும்பாலும் செயலை முன்னே சொல்லி நிபந்தனையைப் பின்னே கட்டுவர். நம் வாக்கியத்திலோ எச்சங்கள் எல்லாம் முன்னே நிரல்பட நிற்க, வினைமுற்று இறுதியில் வந்து முடிக்கும். படியும் அப்படியே. ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் நிபந்தனைகள் ‘உம்’ சேர்ந்தவை. யாவும் நிறைவேற வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளைத்து நிற்பவை ‘ஆவது’ சேர்ந்தவை. ஒன்று நிறைவேறினாற் போதும். உம்மைக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் கூறுவர். இப்பொறி அறிந்ததோ எண்ணும்மை ஒன்றே. ஆதலின் முதன்முதல் நிரல் எழுதுவோர் கணினியைத் திறக்குமுன், தாம் வேண்டுவதை ஒரு தமிழ் வாக்கியமாக எழுதிக்கொள்ளல் நன்று: ‘பச்சை அழுத்தப்பட்டோ, மோட்டார் முன்பே ஓடிக்கொண்டிருந்தோ, சிவப்பின் வழி அறாமலும், ஓவர்லோடு ரிலே விழாமலும், கிணற்றில் நீர் இருந்தும் வருமாயின், மோட்டார் ஓடுக.’ வாக்கியம் அழகற்றது. ஆயினும் இதனைப் படியாக மாற்றுதற்கு இனி அறிவு வேண்டா, கை போதும். பச்சையும், அதன்கீழ்க் கிளையாக மோட்டாரும். பின்பு ஒரே கோட்டிற் சிவப்பு, ஓவர்லோடு, நீர். வலக்கோடியில் மோட்டார்ச் சுருள். சுருளின் பெயரையே நிபந்தனையாகவும் எழுதியிருத்தலைக் காண்க. ஸ்டார்ட்டரில் இருந்த தாங்கும் தொடுமுனை இதுவே.

இனிக் கம்பிகளைப் பொருத்துவோம். பச்சைப் பொத்தான் உள்ளீடு 0. சிவப்பு உள்ளீடு 1. ஓவர்லோடு உள்ளீடு 2. வெளியீடு 0 காண்டாக்டரின் சுருளுக்குச் செல்லும். மோட்டாரின் மின்னோட்டத்தைப் பி.எல்.சி. தாங்காது, காண்டாக்டரைத் தூண்டுவதோடு அதன் கடமை தீர்ந்தது. பச்சை, அழுத்தினால் மட்டுமே மின்சாரம் கடத்தும் வகை. சிவப்போ, அழுத்தாதபோது கடத்தி, அழுத்தியபோது அறுக்கும் வகை.

ஈண்டுதான் கற்போர் பலர் இடறுகின்றனர். சிவப்பு நிறுத்தும் பொத்தான் ஆயிற்றே, அதற்கு எதிர்மறைக் குறியன்றோ பொருந்தும் என்று எண்ணிச் சாய்கோட்டை இட்டுவிடுவர். பச்சையை எத்துணை அழுத்தினும் மோட்டார் ஓடாது. காரணம் யாதெனின், படியில் எழுதும் குறி பொத்தானின் படம் அன்று. உள்ளீட்டின் நினைவறையை நோக்கிக் கேட்கும் ஒரு கேள்வியே. சாதாரணக் குறி ‘இவ்வறையில் 1 உளதோ?’ என்று கேட்கின்றது. சாய்கோடு இட்ட குறி ‘இவ்வறையில் 0 உளதோ?’ என்று கேட்கின்றது. ஒருவரும் தொடாதபோது சிவப்பின் வழியே மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் உள்ளீடு 1-இன் அறையில் 1 நிற்கும். ஆகவே சிவப்புக்கு வேண்டுவது சாதாரணக் குறியே. ஓவர்லோடுக்கும் அவ்வாறே.

இதனை உணராதார் பெரும்பாலும் நிரலைத் திருத்துவதில்லை; சிவப்புப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பச்சையைப் போன்ற வகையைப் பொருத்திவிடுவர். மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்த நிற்கும், எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆயின் மோட்டார் அறையில் எலிகள் உண்டு. ஓர் இரவு எலி சிவப்பின் கம்பியைக் கடித்து அறுத்துவிடுமாயின், அழுத்தும் செய்தி கருவியை எட்டாது. அறுந்தது ஒருவர்க்கும் தெரியாது. யாரேனும் அவசரத்தில் ஓடிவந்து சிவப்பை அழுத்தும் நாளிலேயே தெரியும். முதலிற் கூறிய முறையிலோ, கம்பி அறுந்த கணமே அறையில் 0 விழுந்து மோட்டார் நின்றுவிடும். நின்ற மோட்டாரால் ஒருநாட் பாசனம் கெடும். நிற்காத மோட்டாரால் நேரக்கூடியது அதனினும் பெரிது.

நீர் என்னும் நிபந்தனைக்கு வருவோம். கமலை இறைத்த காலத்தில் சால் அடித்தரையில் உரசும் ஓசை கேட்டதும் மாட்டை நிறுத்த மனிதன் இருந்தான். மோட்டாருக்குக் காது இல்லை. நீரின்றி வெறுமனே ஓடினால் சூடேறிக் கெட்டுக் காயில் கட்டும் கடைக்குச் செல்கின்றது. இதற்குக் கிணற்றில் ஒரு கம்பியை மட்டும் தொங்கவிட்டால், நீர்மட்டம் அதன் நுனியில் அலையுந்தோறும் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாகப் படபடக்கும். ஆகவே உயரத்தில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக இரு கம்பிகளும், மின்சாரம் திரும்புதற்கு மூன்றாவது ஒன்றும் விடுவர். மேற்கம்பி உள்ளீடு 3. கீழ்க்கம்பி உள்ளீடு 4. நிரலில் ஒரு புதிய படி: ‘மேற்கம்பி நனைந்தோ, நீர் உண்டு என்று முன்பே குறித்திருந்தோ, கீழ்க்கம்பியும் நனைந்திருப்பின், நீர் உண்டு என்று குறிக்க.’ இதன் வடிவம் மோட்டார்ப் படியின் வடிவமே. ஊற்று மேற்கம்பி வரை ஏறினால் அனுமதி பிறக்கும். கீழ்க்கம்பிக்குக் கீழ் இறங்கினால் அழியும். இடையில் முன் நிலையே நிலைக்கும். கம்பி அறுந்தால் ‘நீர் இல்லை’ என்றே கருவி கொள்ளும். ஊற்று மந்தமான கிணறுகளில் இவ்விரு கம்பிகளின் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும்.

பி.எல்.சி. படிகளைப் படிக்கும் முறையையும் அறிதல் வேண்டும். அது முதலில் உள்ளீடுகள் யாவற்றையும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளும். பின்பு மேலிருந்து கீழாகப் படிகளைக் கணக்கிடும். முடிவில் வெளியீடுகளை மாற்றும். இச்சுற்று மில்லி செகண்டுக் கணக்கில் முடிந்து ஓயாது நிகழும். இதனால் ஒரு விபரீதம் உண்டு. கையால் ஓட்டுதற்கு ஒரு படியும் தானாக ஓடுதற்கு மற்றொரு படியும் எழுதி, இரண்டின் முடிவிலும் அதே மோட்டார்ச் சுருளை இட்டால், கீழ்ப்படி சொன்னதே நிற்கும். மேற்படி எழுதியது எழுதாதது போலாம். ஒரு சுருளுக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டு, நிபந்தனைகளையே கிளைகளாகச் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செய்தி. நாம் எழுதிய படியில் மின்சாரம் நின்றால் தாங்கும் நிபந்தனையும் அழிகின்றது. மீண்டும் பச்சையை அழுத்த ஆள் வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் வந்தால் எழுந்து செல்வது யார் என்று கேட்டு, மோட்டார் தானே ஓடும்படி அமைத்துக்கொள்வோர் பலர். ஏணி நிரலில் அது மிக எளிது. ‘நிலைநிறுத்தும் சுருள்’ என்று ஒருவகை உண்டு; மின்சாரம் போனாலும் அழியாத நினைவறையில் அதனை இட்டால், மின்சாரம் வந்தவுடன் மோட்டார் ஓடும். எளிதாயிருத்தலே இதன் கேடு. பகலில் மின்சாரம் நின்ற வேளை பார்த்து ஃபுட்வால்வைச் சரிபார்க்க ஒருவர் கிணற்றில் இறங்கியிருப்பார். நிரலோ அவரை அறியாது. தானே ஓடுதல் வேண்டுமாயின், மின்சாரம் வந்தபின் முப்பது செகண்டு மணி ஒலித்துப் பிறகே காண்டாக்டர் மூடும்படி ஒரு காலக்கணிப்பானைச் சேர்க்கலாம். ஆயினும் கிணற்றின் அடியில் நிற்பவர்க்கு முப்பது செகண்டு என்பது பாதி ஏறுவதற்கும் போதாது.

இந்நிரலை எழுதிப் பார்க்கக் கருவி வாங்க வேண்டுவதில்லை. விலையின்றிக் கிடைக்கும் ஓப்பன் பி.எல்.சி. என்னும் மென்பொருளிற் படிகளை வரைந்து கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பின்பு உண்மைக் கருவி கிடைக்குமாயின், மோட்டாருக்குப் பதில் ஒரு விளக்கை வெளியீட்டில் மாட்டி மூன்று சோதனைகள் செய்க. விளக்கு எரியும்போது சிவப்பின் கம்பியைக் கழற்றுக; அணைய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தருக, எரியலாகாது. பச்சையையும் சிவப்பையும் ஒருங்கே அழுத்துக, எரியலாகாது. இம்மூன்றும் தேறிய பின்னரே காண்டாக்டரை இணைக்கலாம். அப்போதும் ஓவர்லோடின் தொடுமுனையையும், அவசரத்திற்கென வைக்கும் பெரிய சிவப்புப் பொத்தானையும் நிரலை மட்டும் நம்பி விடாமல், காண்டாக்டர்ச் சுருளுக்குச் செல்லும் கம்பியிலேயே தொடராகக் கட்டிவிட வேண்டும். கிணற்றில் இறங்குவோர் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கி மடியிற் கட்டிக்கொண்டே இறங்குக.