மாவா, மோட்டாரா, மாடித்தோட்டமா?

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும், பல பெற்றோர் முதல் வேலையாக ஓர் அறிவியல் கிட் வாங்கிவிடுகிறார்கள். ஒரே மதியத்தில் எல்லாம் முடிந்து பெட்டி பரண் ஏறிவிடும். அளந்து வைத்த பொடியும் எண் போட்ட பாகமும் பிள்ளை தவறு செய்ய இடம் கொடுப்பதில்லை. தவறினாலும் மறுபடி செய்துபார்க்கப் பொருள் மிஞ்சாது. என்னைக் கேட்டால், எதைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: விடை தெரிய எவ்வளவு நேரமாகும்? தவறினால் செலவில்லாமல் திரும்பச் செய்ய முடியுமா?

ஐந்திலிருந்து எட்டு வயதுவரை இந்த இரண்டுக்கும் பொருந்துவது சமையலறைதான். இட்லி மாவு அரைக்கும் நாளில் ஒரே அளவான மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதிவரை மாவை ஊற்றுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேடையில், ஒன்று வெயில் படும் ஜன்னலோரம். மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டு, எவ்வளவு ஏறியது என்று மணிக்கொரு தரம் ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுதான் அதைப் பொங்கவைக்கிறது. குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. இதை நீங்கள் சொல்லும் முன்பே “ஃபிரிட்ஜில் வைத்தது ஏன் எழும்பவில்லை?” என்று பிள்ளை கேட்டுவிடும். அடுத்த முறை உப்புப் போட்டது, போடாதது என்று சோதனையை அதுவே மாற்றும். அளவை, எண், வரைபடம், உயிரியல் எல்லாம் வீட்டு மாவிலேயே கிடைக்கின்றன. அடுப்புப் பக்கம் மட்டும் பெரியவர் நிற்க வேண்டும்.

ஒன்பது வயதுக்கு மேல் பொம்மை செய்வதையே முதலில் சொல்வேன். பொறியியல் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சி, சைக்கிள் டியூப், பழைய பாட்டில் இவற்றைக்கொண்டே அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டியவர்; 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பரப்பிய எளிய மோட்டாருக்கு ஒரு பேட்டரி செல், ஒரு காந்தம், இரண்டு ஊக்கு, கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி போதும். கம்பிச்சுருளின் ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பாதியை மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் பெரும்பாலும் ஆடிவிட்டு நின்றுவிடும். காந்தம் பின்னுக்கு இழுக்கும் அரைச் சுற்றில் மின்சாரம் நின்றால்தானே அது தொடர்ந்து சுழலும்? பிள்ளை தவறாகச் சுரண்டட்டும், விட்டுவிடுங்கள். மோட்டார் ஏன் சுழல்கிறது என்பது அந்தத் தவறில்தான் புரியும். கம்பி சூடேறும் என்பதால் ஓடியதும் செல்லைக் கழற்றிவிட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சின்னக் காந்தங்கள் வேண்டாம். விழுங்கிவிட்டால் குடலுக்கு ஆபத்து.

மாடித்தோட்டம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் அதை முதலில் தொடங்கச் சொல்லமாட்டேன். கீரை பறிக்கவே ஏறக்குறைய ஒரு மாதமாகும், தக்காளிக்கு இரண்டு மாதத்துக்கும் மேல். ஐந்து வயதுப் பிள்ளையால் அவ்வளவு காத்திருக்க முடியாது. அதற்கு நாலைந்து நாளில் முளைக்கும் வெந்தயம் போதும். பெரிய பிள்ளைக்கு ஓர் எலுமிச்சைச் செடி வையுங்கள், மருந்து அடிக்காதீர்கள். பறவை எச்சம்போலத் தெரியும் புழு ஒன்று இலையில் வந்து சேரும். சில நாளில் அது பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். நாலு இலை போனால் போகட்டும். அந்தச் சில வாரங்களுக்கு ஈடான பாடப்புத்தகம் எதுவும் கிடையாது.

காசே செலவாகாதவை கோலமும் பறவை பார்ப்பதும். சிக்குக் கோலத்தின் விதிகளைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணித ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். புள்ளிகளைக் கூட்டினால் எத்தனை இழை வரும் என்று பத்து வயதுப் பிள்ளையும் ஆராயலாம். பறவை என்றால், பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் அந்தப் பட்டியல் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தன் எண்ணிக்கை வெளியே ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை கவனமாக எண்ணும்.

எதைச் செய்தாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதவையுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயதில்தான் எழுத முடியும், அறிவியலில் செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்குள் அளந்து எழுதும் பழக்கம் கையோடு ஊறிவிடும். காசு கொடுத்து ஒன்று வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய, மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி. ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கும். இன்று வெங்காயத் தோல், நாளை குளத்துத் தண்ணீர், அடுத்த வாரம் அந்த எலுமிச்சை இலை என்று அதைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம்.