புளித்த ஏப்பத்துக்கு வினிகர் குடிக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 47. தென்காசிப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட ராத்திரி பத்தரை ஆகிவிடும். சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவேன். ரெண்டு மூணு வருஷமாகவே நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினமும் காலை டிபனுக்குப் பிறகு ஒரு கேஸ் மாத்திரை போடுகிறேன். முட்டுவலி வந்தால் அதற்கும் அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்வேன். போன மாசம் மருமகள் ஒரு வீடியோ காட்டினாள். எரிச்சலுக்குக் காரணம் அமிலம் கூடுவது இல்லையாம், குறைவதாம். வெறும் வயிற்றில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, அஞ்சு நிமிஷத்தில் ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவு என்று அர்த்தமாம். எனக்கு வரவில்லை. அதிலிருந்து ஆப்பிள் சிடர் வினிகரை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். இப்போது தொண்டை காந்துகிறது, பல் கூசுகிறது. மாத்திரையை விட்டுவிட்டு வினிகரையே தொடரலாமா? சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகுமா? நாங்கள் சைவம். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: வினிகரை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்த வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த சோடா பரிசோதனை. சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்பது சரிதான். ஆனால் ஏப்பம் எப்போது வரும் என்பது நீங்கள் எவ்வளவு சோடா போட்டீர்கள், எத்தனை வேகமாகக் குடித்தீர்கள், கூடவே எவ்வளவு காற்றை விழுங்கினீர்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. அதை வைத்து எந்த மருத்துவரும் அமிலத்தை அளப்பதில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நீங்கள் தினமும் போடும் மாத்திரையின் வேலையே அமிலத்தைக் குறைப்பதுதான். அதைப் போட்டுக்கொண்டே அமிலம் குறைவு என்று கண்டுபிடித்து, அதற்கு வினிகர் குடித்திருக்கிறீர்கள்! இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி சோடா உப்பில் ஒரு கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது.

வினிகரால் இரைப்பையின் அமிலம் கூடும் என்பதும் கணக்குக்கு ஒத்துவராது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இரைப்பைச் சாறு சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் வயிற்றில் அதன் பி.எச். அளவு 1.5 முதல் 3.5 வரை இருக்கும். தண்ணீரில் கலந்த வினிகர் அதைவிட வீரியம் குறைந்தது. ஆகவே இரைப்பைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரைப்பையின் உட்சுவரைக் காக்கக் கெட்டியான சளிப்படலம் உண்டு. பல்லின் எனாமலுக்கும் உணவுக்குழாய்க்கும் அப்படி ஒரு காப்பு கிடையாது. உங்கள் தொண்டையும் பல்லும் அதைத்தான் சொல்கின்றன. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அமிலம் உண்மையிலேயே குறைவாக உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. வயதாகி இரைப்பையின் உட்சவ்வு மெலிந்தவர்கள், உடலின் எதிர்ப்பாற்றலே அமிலம் சுரக்கும் செல்களைத் தாக்கும் நோய் உள்ளவர்கள், அமிலத்தை அடக்கும் மாத்திரையை நெடுங்காலம் போடுகிறவர்கள். இவர்களை ஏப்பம் காட்டிக்கொடுக்காது. இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு என்றுதான் பெரும்பாலும் தெரியவரும். உணவுப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்கவும், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அமிலம் தேவை. சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வதும் அதுதான். நீங்கள் சைவம். பால், தயிர் தவிர பி12 வருவதற்கு உங்களுக்கு வேறு வழி குறைவு. மாத்திரையும் வருஷக்கணக்கில் போகிறது. ஹீமோகுளோபினும் பி12-ம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் எரிச்சலுக்குக் காரணம் அமிலம் கூடியதா குறைந்ததா என்பதல்ல, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதே என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாய் போல ஒரு தசைவளையம் இருக்கிறது. இரைப்பை நிறைந்திருக்கும்போது அது அடிக்கடி தளரும். நின்றாலும் உட்கார்ந்தாலும் மேலே வந்தது கீழே இறங்கிவிடும். படுத்துவிட்டால் இறங்காது. பத்தரைக்குச் சாப்பிட்டுப் பத்தே முக்காலுக்குப் படுத்தால், வயிற்றில் அமிலம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள்.

சாப்பிடுவதற்கும் படுப்பதற்கும் நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும். கடைக்காரர்களுக்கு இது முடியாது என்பீர்கள். முடியும். ஏழரை மணிக்கு ஒருவர் கல்லாவைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் உள்ளே போய் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையோ இடியாப்பத்தையோ உட்கார்ந்து சாப்பிடலாம். கடையை அடைத்த பிறகு பசித்தால் ஒரு தம்ளர் மோர் போதும். வயிறு நிறையச் சாப்பிடும் வேளை மதியமாக இருக்கட்டும். நான் பார்த்தவரை, இந்த ஒன்றைச் செய்தவர்களில் பலருக்கு மாத்திரையின் தேவையே குறைந்திருக்கிறது.

இடது பக்கமாகப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். கட்டிலில் படுப்பவரானால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஆடாதபடி, செங்கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும், பலன் இராது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பழக்கம் இருந்தால் தளர்த்துங்கள். சாப்பிட்ட உடனே குனிந்து மூட்டை தூக்காதீர்கள். எடை கூடுதலாக இருந்தால், கொஞ்சம் குறைந்தாலும் நெஞ்சில் வித்தியாசம் தெரியும். வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா? எழுதவில்லை. இருந்தால் அதையும் விட வேண்டும்.

செரிமானத்தை இயல்பாகத் தூண்டும் வழி கேட்டால், நான் பாவ்லோவைத்தான் கூப்பிடுவேன். மணியோசைக்கு நாய்க்கு எச்சில் ஊறிய கதையால் அவரைப் பலருக்குத் தெரியும். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ செரிமான ஆராய்ச்சிக்காக. நாய் தின்றது இரைப்பைக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியேறும்படி செய்து பார்த்தார். வயிற்றுக்குள் ஒரு பருக்கை போகவில்லை, இரைப்பைச் சாறு மட்டும் ஏராளமாகச் சுரந்தது. பார்ப்பது, முகர்வது, சுவைப்பது, மெல்லுவது, இவையே சுரப்பைத் தொடங்கிவைக்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். கருவேப்பிலையும் கடுகும் தாளிக்கும்போது வாயில் நீர் ஊறுகிறதே, அப்போதே இரைப்பையும் தயாராகிவிடுகிறது. நின்றுகொண்டு, சில்லறை எண்ணிக்கொண்டு, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டால் அந்த முன்னேற்பாடு நடக்காது. இருபது நிமிஷம் உட்கார்ந்து மென்று சாப்பிடுங்கள். வினிகர் செய்வதாகச் சொன்ன வேலையைப் பல்லும் நாக்கும் காசில்லாமல் செய்துவிடும்.

அடுப்படிச் சாமான்களைப் பற்றியும் கேட்பீர்கள். ரசம் புளிப்பாயிற்றே என்று பயப்பட வேண்டாம், ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், குமட்டலுக்கும் நல்லது. அளவு மிஞ்சினால் அதுவே எரிக்கும். சீரகத் தண்ணீர் சுகமாக இருந்தால் குடியுங்கள், மருந்தென்று நம்பிக் குடிக்க வேண்டாம். புதினாவை எல்லோரும் செரிமானத்துக்கு என்று சிபாரிசு செய்வார்கள். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அது எதிரி, தசைவளையத்தைத் தளர்த்திவிடும். ராத்திரிப் பால் முதலில் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு அதன் புரதமும் கால்சியமும் அமிலத்தைச் சுரக்கவைக்கும். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் நெடுநேரம் தங்கும். காபி சிலருக்கு ஆகாது, சிலரை ஒன்றும் செய்யாது. மிளகாயால் அல்சர் வராது, இருக்கும் எரிச்சலைக் கூட்டிக் காட்டும்.

அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் அதைக் கண்டுபிடித்தபோது உலகம் நம்பவில்லை. மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மற்றொன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். உங்கள் முட்டுவலி மாத்திரை அந்த வகையாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை. மருத்துவரிடம் காட்டாமல் இனி ஒன்றுகூட வாங்காதீர்கள்.

இனி கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையாக இருந்தால் டிபனுக்கு அரைமணி முன்பு போட வேண்டும். பின்னால் போட்டால் பாதிப் பலன்தான். நாள்பட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த சுரப்பு சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகும். மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது போலிருக்கிறது என்று பயந்து மறுபடி வாங்குகிறவர்கள் நிறைய. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைதல், கறுத்த மலம், இரத்த வாந்தி, இரத்தசோகை, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ, கை, தாடைக்குப் பரவும் வலியோ வந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் விஷயம் பயப்படும்படியாக இல்லை. சாப்பாட்டுக்கு நடுவே ஒரு தம்ளர் குடித்தால் இரைப்பை அதற்கேற்பச் சுரந்துகொள்ளும். சொம்பு சொம்பாகக் குடித்து வயிற்றை ஊதவைத்தால்தான் எதுக்களிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கேஸ் மாத்திரை என்று மட்டும் சொன்னால் எது என்று எங்களுக்குத் தெரியாது. ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதினால், அதற்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். எப்படி நிறுத்துவது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.