பெட்டிக்குள் ஒரு வாழ்க்கை

கேள்வி: மருத்துவ வரலாற்றுக் காப்பகங்களில் உள்ள பழைய பொருட்களைப் பார்த்து ஓவியம் வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லார்ட் மனநல மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, அதன் பரண் அறையில் 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. நோயாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. பலர் திரும்பிப் போகவே இல்லை. பெட்டிகள் மட்டும் காத்திருந்தன. நியூயார்க் மாநில அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாத்தது. பின்னாளில் புகைப்படக் கலைஞர் ஜான் கிறிஸ்பின் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். மடித்து வைத்த உடை, கடிதம், குடும்பப் படம் எல்லாம் அந்தப் படங்களில் உண்டு. அருங்காட்சியகத்தார் பெட்டியைச் சுற்றிக் கட்டிய வெள்ளை நாடாவைக்கூட அவர் விட்டுவிடவில்லை. அந்தக் கவனம்தான் அவர் படங்களின் உயிர். நோயின் பெயர் அவற்றில் பெரிதாகத் தெரிவதில்லை, மனிதர் தெரிகிறார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போங்கள். பெரும்பாலான காப்பகங்களில் அதற்குத்தான் அனுமதி. முதல் நாள் பொருளின் முழு உருவத்தை வரைய வேண்டாம். தேய்ந்த கைப்பிடி, துருவேறிய விளிம்பு, தைத்து ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றை மட்டும் வரையுங்கள். கை பட்டுப் பட்டு உண்டான தடயங்கள் அவை.

ஒன்றை மறக்காதீர்கள். நோயாளியின் முழுப்பெயரை வெளியிடாதீர்கள். அவர் நமக்கு அனுமதி தரவில்லை. அவருடைய மானத்தைக் காப்பதும் உங்கள் கலையின் வேலைதான்.