படத்தில் இருக்கும் மீன் எது?

ஒரு படத்தில் விரல் நீளமே உள்ள மீன்குஞ்சுகள் கூட்டமாக நீந்துகின்றன. அவற்றின் உடல் செம்மஞ்சள் நிறம். பக்கவாட்டில் இரண்டு கரும்பட்டைகள். இன்னொரு படத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பெரிய மீன். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. இரண்டும் ஒரே இனம் என்றால் நம்புவது கடினம். ஆனால், இரண்டுமே தோமான்தான். வளர வளரச் செந்நிறம் மங்கும், பட்டைகள் கலைந்துபோகும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டினால், ஓர் இனத்தை இரண்டு இனங்களாக எண்ணிவிடுவோம்.

ஒரு மீனின் பெயர் தவறினால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். தோமான், தீபகற்ப மலேசியாவின் ஆறுகளுக்கு உரிய மீன். சிங்கப்பூரிலோ அது மனிதரால் கொண்டுவரப்பட்ட அயல் இனம். மற்ற மீன்களைத் தின்னும் வேட்டை மீன். அதன் உறவினமான ஹாருவான் இரு நாடுகளுக்குமே உரியது. நாம் விரால் என்று அழைப்பதும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்காகப் பல வீடுகளில் சமைத்துக் கொடுப்பதும் இதைத்தான். சிங்கப்பூர் ஓடை ஒன்றில் எடுத்த படத்தில் உள்ள தோமானை விரால் என்று குறித்துவிட்டால், அயல் மீன் அங்கே வந்துவிட்ட செய்தி மறைந்துபோகும். படம் எடுத்த இடத்தையும் நாளையும் குறித்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

வளர்ந்த தோமானையும் விராலையும் பிரித்தறிய, உடலின் பக்கவாட்டைக் காண வேண்டும். விராலின் பக்கங்களில் சாய்வான கோடுகள் இருக்கும். தோமானுக்கோ ஒழுங்கற்ற கருந்திட்டுகள் தலையிலிருந்து வால்வரை பரவியிருக்கும். பாலத்தின்மேல் நின்று எடுத்த படத்தில் இரண்டும் மிதக்கும் மரக்கட்டைகளைப் போலவே தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த கைப்பேசியாக இருந்தாலும், அந்தக் கோணத்தில் எடுத்த படம் அதிகம் உதவாது.

உடலில் உள்ள குறிகள் எங்கே அமைந்துள்ளன என்பதையும் கவனிக்க வேண்டும். முப்புள்ளிக் குராமி என்னும் மீனின் உடலில் மூன்று புள்ளிகளைத் தேடுவோர் ஏமாந்துபோவர். உடலின் நடுவில் ஒன்று, வாலின் தொடக்கத்தில் ஒன்று; மூன்றாவதாக எண்ணப்படுவது அதன் கண்! மீன் மிரண்டால் உடலில் உள்ள புள்ளிகள் மங்கிவிடுவதும் உண்டு. அப்போது வயிற்றருகே நூலைப் போல நீண்டு தொங்கும் இரண்டு துடுப்புகளைப் பார்க்கலாம். எந்தக் குராமி என்று அவை சொல்லாவிட்டாலும், அது குராமி வகை என்பதையாவது காட்டிக்கொடுக்கும்.

சில மீன்களைப் படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய இயலாது. ஓடைகளில் வாழும் ரஸ்போரா மீன்களுள் பல, ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். அவற்றைப் பிரித்தறியப் பக்கவாட்டில் உள்ள செதில்களை எண்ண வேண்டியிருக்கும். படத்தைப் பெரிதாக்கியும் செதில்கள் தெளிவாகத் தெரியவில்லை என்றால், 'ரஸ்போரா, இனம் உறுதியில்லை' என்று எழுதி, இடத்தையும் நாளையும் சேர்த்துப் பதிவுசெய்யலாம். பின்னர் அதே ஓடையில் தெளிவான படம் கிடைக்கும்போது அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.